தேய்த்த பிறகுதான் மருந்து

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் அநேகமாக எல்லோரும் முதற்கிழமையிலேயே என்னிடம் கேட்டுவிடுவார்கள்: “அக்கா, சனிடைசரைக் கொஞ்சம் கூட விட்டால் காணாதே? ஏன் இவ்வளவையும் கழற்றித் தேய்க்க வேணும்?”

நியாயமான கேள்வி. இரவு ஒரு மணி. குளிரூட்டிய மண்டபத்தில் றப்பர் பூட்சும் மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு, சமைத்த இறைச்சியை மெல்லிய துண்டுகளாகச் சீவும் இயந்திரத்தின் முன் நிற்கிறார்கள். நாங்கள் அதை ஸ்லைசர் என்போம். அதன் கத்தி, காப்புத் தகடுகள், உருளைகள், இறைச்சியைக் கொண்டுபோகும் பட்டி, றப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பக்கத்திலுள்ள சனிடைசர்ப் பீப்பாயின் லேபிளிலோ 30 செக்கனில் 99.999 சதவீத பக்டீரியாவைக் கொல்லும் என்று போட்டிருக்கிறது. அந்த எண்ணை வாசித்தவருக்குத் தேய்ப்பது வீண்வேலையாகத்தான் தெரியும்.

லேபிளில் பொய் இல்லை. ஆனால் அந்த எண்ணைத் தரும் பரிசோதனையில் பக்டீரியாக்கள் திரவத்தில் தனித்தனியாக மிதந்துகொண்டிருக்கும். அவற்றோடு மருந்தைக் கலந்து, 30 செக்கன் கழித்து எத்தனை மிஞ்சின என்று எண்ணுவார்கள். தொழிற்சாலையில் நாங்கள் பயப்படும் பக்டீரியா மிதப்பதில்லை. ஒட்டிக்கொண்டு இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள் நான். ரொறன்ரோவுக்கு வந்து உணவுத் தொழிற்சாலைகளில் இரவுத் துப்புரவு வேலையில் சேர்ந்து, இப்போது ஒரு குழுவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பக்டீரியாவைத் தனிக்கலமாகத்தான் வரைந்தோம்: ஒரு கோல், ஒரு சவுக்குமுளை, சுற்றிலும் வெற்றுத்தாள். இந்த வேலைக்கு வந்த பிறகு நான் முதலில் கைவிட வேண்டியிருந்தது அந்தப் படத்தைத்தான்.

இறைச்சிச் சாறு பட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் சில நிமிடங்களுக்குள் புரதமும் கொழுப்பும் கண்ணுக்குத் தெரியாத பூச்சாகப் படியும். அதன்மேல் பக்டீரியா வந்து ஒட்டும். ஆரம்பத்தில் அது தளர்ந்த ஒட்டு. அப்போதே கழுவினால் போய்விடும். விட்டால், நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், டிஎன்ஏ எல்லாம் கலந்த ஒரு பசையைச் சுரந்து தன்னைச் சுற்றிப் போர்த்துக்கொள்ளும். உள்ளுக்குள்ளேயே பெருகும், வேறு இனங்களையும் சேர்த்துக்கொள்ளும். இதைத்தான் பயோஃபிலிம் என்கிறார்கள், தமிழில் உயிர்ப்படலம். காய்ந்த நிறையில் கணக்குப் பார்த்தால் பெரும்பாலான உயிர்ப்படலங்களில் பக்டீரியாவின் பங்கு பத்தில் ஒன்றுகூட வராது, மிச்சம் முழுவதும் பசை. முற்றினால் விரலில் வழும்பாகத் தட்டுப்படும். முற்றுவதற்கு முன்னால் கண்ணுக்கும் விரலுக்கும் தகடு சுத்தமாகவே இருக்கும், ஆபத்து அங்கேதான்.

பிள்ளைகளுக்கு நான் ஊர்க் கிணற்றுக்கட்டைச் சொல்லித்தான் விளங்கப்படுத்துவேன். பாசி பிடித்த கட்டில் ப்ளீச்சிங் பவுடரைத் தூவினால் மேல் வெளுக்கும், அடி பிடித்தபடியே இருக்கும், ஒரு மழையில் திரும்பவும் பச்சையாகிவிடும். பொச்சுமட்டை கொண்டு உரஞ்சினால்தான் கல் தெரியும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. 1680களில் ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி அன்டனி வான் லீவன்ஹூக், தன் பல்லில் சுரண்டிய அழுக்கைத் தானே செய்த நுண்காட்டியில் பார்த்து, அதில் சின்னஞ்சிறு உயிர்கள் ஓடுவதைக் கண்டார். வினாகிரியால் வாய் கொப்பளித்துப் பார்த்தார். பல்லில் இருந்தவை சாகவில்லை. அதே அழுக்கை வெளியே எடுத்து வினாகிரியில் கலந்தபோது செத்தன. அழுக்கின் உட்புறத்துக்கு வினாகிரி போய்ச் சேரவில்லை என்று அவருக்கு விளங்கியது. அதற்குப் பிறகும் விஞ்ஞானம் நெடுங்காலம் குடுவையில் மிதக்கும் பக்டீரியாவைத்தான் படித்தது. கனடாவின் கால்கரிப் பல்கலைக்கழகத்தில் பில் கொஸ்டர்டனும் கூட்டாளிகளும் மலையோடைகளை ஆராய்ந்து, ஓடும் நீரில் இருப்பதைவிடக் கற்களில் ஒட்டியிருக்கும் பக்டீரியாவே மிக அதிகம் என்று கண்டார்கள். 1978இல் அவர்கள் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் ஒட்டி வாழ்வதே பக்டீரியாவின் வழக்கமான வாழ்க்கை என்ற எண்ணம் பரவியது.

ஒட்டியதை மருந்து ஏன் கொல்வதில்லை? குளோரீன், முதலில் எதிர்ப்படும் கரிமப் பொருளோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். மேற்பசையே அதை முடித்துவிடுவதால் அடியிலுள்ள கலங்களுக்கு வந்து சேர்வது சொற்பம். இறைச்சி, பால் தொழிற்சாலைகளில் நாங்கள் அதிகம் பாவிக்கும் குவாட்ஸ் என்ற மருந்து வேறு விதமாக வேலைசெய்யும். அது நேர்மின்னேற்றம் கொண்ட மூலக்கூறு, கலத்தின் மென்சவ்வுக்குள் நுழைந்து அதைக் குலைத்துவிடும். ஆனால் எதிர்மின்னேற்றம் கொண்ட சவர்க்காரம் தகட்டில் மிஞ்சியிருந்தால் குவாட்ஸ் அதனோடு சேர்ந்து செயலற்றுப்போகும். சரியாக அலசாத தகட்டில் அடித்த மருந்து, அடித்த மருந்தே அல்ல. இதற்கெல்லாம் மேலாக, படலத்தின் அடியில் கிடக்கும் கலங்கள் உணவும் ஒட்சிசனும் குறைந்து, வளர்ச்சியை ஒடுக்கி அரைத்தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் உள்ள கலங்கள் அடியைத் தாங்கக்கூடியவை.

இப்போது லிஸ்டீரியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் எல்லோரும் பயப்படும் பெயர் அது. மண்ணிலும் சாணத்திலும் ஈரமான மூலைகளிலும் இருக்கும் பக்டீரியா. சமைக்கும் சூட்டில் செத்துவிடும். ஆனால் மற்றவை ஒடுங்கும் 4 பாகைக் குளிர்ப்பெட்டியிலும் இது மெல்லப் பெருகும், உப்பையும் தாங்கும். ஆரோக்கியமான ஆளுக்கு வயிற்றுப்போக்கோடு போய்விடலாம். முதியவர்களுக்கும், நோயெதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் இரத்தத்திலும் மூளைச்சவ்விலும் ஏறும். கர்ப்பிணிக்கு லேசான காய்ச்சலாக வந்து வயிற்றுப்பிள்ளையைக் கொண்டுபோகும். அப்படித் தீவிரமாக வந்தவர்களில் ஐந்தில் ஒருவராவது இறந்துபோகிறார். தின்றதற்கும் நோய் வருவதற்கும் இடையில் 70 நாள் வரை போகலாம் என்பதால், எதைத் தின்றோம் என்றே பலருக்கு நினைவிருக்காது.

2008 கோடையில் இந்த நகரத்திலேயே அது நடந்தது. ரொறன்ரோவின் பார்ட்டர் றோட்டில் இருந்த மேபிள் லீஃப் என்ற இறைச்சி நிறுவனத்தின் தொழிற்சாலையில் சீவிய இறைச்சியைத் தின்று 57 பேர் நோயுற்றது உறுதியானது. அவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள். வைத்தியசாலைகளுக்கும் முதியோர் பராமரிப்பு நிலையங்களுக்கும் பெரிய பொதிகளாகப் போன இறைச்சி அது. தங்களுக்கு முன்னால் வைத்த தட்டில் இருந்ததைச் சாப்பிடுவதைத் தவிர வேறு தெரிவு இல்லாதவர்கள் அவர்கள். இதை எழுதும்போதும் எனக்கு மனம் கனக்கிறது.

நிறுவனம் தொழிற்சாலையை மூடியது, அங்கே செய்த எல்லாப் பொருட்களையும் திரும்ப அழைத்தது, தலைவர் மைக்கேல் மக்கெய்ன் தொலைக்காட்சியில் தோன்றி மன்னிப்புக் கேட்டார். தேடியபோது சந்தேகம் போய் நின்ற இடம் இரண்டு ஸ்லைசர்களின் ஆழமான உட்பகுதி. இயந்திரம் செய்தவர் சொன்ன துப்புரவு முறை எட்டாத ஆழத்தில் பக்டீரியா சேர இடம் இருந்ததாக நிறுவனம் அறிவித்தது. வெளியில் பளிச்சென்று இருந்த இயந்திரங்கள் அவை.

இதை விசாரிக்க அரசு நியமித்த ஷீலா வெதரில் 2009 ஜூலையில் அறிக்கை கொடுத்தார், 57 பரிந்துரைகளோடு. என்னை அதிகம் பாதித்த பகுதி, நோய் பரவுவதற்கு முந்திய மாதங்களைப் பற்றியது. தொழிற்சாலைக்குள் துடைத்து எடுத்த சுவாப் மாதிரிகளில் லிஸ்டீரியா அவ்வப்போது வந்துகொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு முறையும் அந்த இடத்துக்கு மருந்தடித்தார்கள், திரும்பச் சோதித்தார்கள், இல்லை என்று வந்ததும் கோப்பை மூடினார்கள். திரும்பத் திரும்ப ஏன் வருகிறது என்று முடிவுகளை ஒன்றாக அடுக்கிப் பார்க்கவில்லை. அவற்றை அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்ற கட்டாயமும் அன்று இருக்கவில்லை. 2009 ஏப்ரலில் இருந்துதான் அது மாறியது. உயிர்ப்படலத்தைத் தெரிந்தவருக்கு அந்தக் கோப்பு நன்றாக விளங்கும். மருந்து மேற்பரப்பைக் கொன்றிருக்கிறது, அடியில் இருந்தது பிழைத்துத் திரும்ப வந்திருக்கிறது.

அந்த லிஸ்டீரியாவின் மரபணுத் தொகுதியை வினிபெக்கிலுள்ள தேசிய நுண்ணுயிரியல் ஆய்வகத்தார் முழுமையாக வாசித்து 2010இல் வெளியிட்டார்கள். அதில் ஏறக்குறைய 50,000 எழுத்து நீளமான ஒரு துண்டு இருந்தது. அதற்கு முன் லிஸ்டீரியாவில் கண்டிராத துண்டு. அதற்குள் ஒரு மரபணு, கலத்துக்குள் வரும் குவாட்ஸ் மூலக்கூறுகளை வெளியே தள்ளும் பம்பைச் செய்கிறது என்று 2016இல் வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த வகையைச் சேர்ந்த லிஸ்டீரியா கனடாவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆட்களை நோயாக்கி வந்திருப்பதும் பழைய மாதிரிகளிலிருந்து தெரியவந்தது.

இந்தச் செய்தியைக் கேட்டவர்கள் உடனே மருந்தை மாற்று, கூட்டு என்கிறார்கள். பொறுங்கள். பம்பு இருப்பதால் முழுச் செறிவுள்ள குவாட்ஸில் லிஸ்டீரியா பிழைக்கும் என்று ஆகாது. அலசாமல் விடும் சனிடைசராக நாங்கள் அடிப்பது பத்து லட்சத்தில் 200 பங்கு. அந்தச் செறிவு நேரடியாகப் பட்டால் பம்பு உள்ளதும் சாகும். பம்பு கைகொடுப்பது மருந்து நீர்த்துப்போகும் இடங்களில்: தேங்கிய தண்ணீரில், வடிகால் ஓரத்தில், வெடித்த றப்பர் வளையத்துக்குள், உயிர்ப்படலத்தின் அடியில். அங்கே கொல்லாத அளவு மருந்து நாள்தோறும் பட்டுக்கொண்டிருந்தால், பம்பு இல்லாதவை சாக, உள்ளவை பெருகும். இந்தத் தேர்வை நடத்துவது எங்கள் அரைகுறைத் துப்புரவுதான்.

அளவைக் கூட்டுவதும் வழி அல்ல. 200க்கு மேல் போனால் எச்சம் உணவில் சேரும், திரும்ப அலச வேண்டும். அளவுக்கு மிஞ்சிய குளோரீன் ஸ்டீலையே அரித்துக் குழி விழுத்தும், அந்தக் குழிகள் படலத்துக்குப் புது வீடு. மருந்து வகையை இடைக்கிடை மாற்றுவது நல்லதுதான். குவாட்ஸை வெளியே தள்ளும் பம்பு பெரசெற்றிக் அமிலத்தின் முன் உதவாது. ஆனால் பசை இருக்கும் வரை எந்த மருந்தும் பாதி மருந்துதான்.

எனவே வேலையின் ஒழுங்கு முக்கியம். முதலில் தண்ணீர் இல்லாமல் இறைச்சித் துகள்களைக் கையால் பொறுக்கி அள்ள வேண்டும். பிறகு கழற்றல். பிறகு சூடான தண்ணீரில் அலசல். ஐம்பது பாகையைச் சுற்றி இருக்க வேண்டும்: குளிர்ந்தால் கொழுப்பு இளகாது, கொதித்தால் புரதம் தகட்டிலேயே வெந்து ஒட்டிவிடும். அதன்மேல் காரமான நுரை. நுரை சில நிமிடம் நிற்க வேண்டும், ஆனால் காயக்கூடாது. காய்ந்தால் கரைத்த அழுக்கு திரும்ப ஒட்டும். அப்புறம் தேய்ப்பு. நுரை பசையை இளக்கும், பெயர்த்தெடுப்பது பிரஷ்தான். திரும்ப அலசல். டோர்ச் அடித்துப் பார்த்தல். இவ்வளவுக்கும் பிறகுதான் சனிடைசர். அவசரத்தில் ஆட்கள் விடும் படி எப்போதும் தேய்ப்பு. அலசியதும் நுரை அடித்ததும் மருந்து அடித்ததும் பதிவுப் புத்தகத்தில் தெரியும், எந்த மூலையை எவ்வளவு நேரம் தேய்த்தார் என்பது அதில் தெரியாது.

வடிகாலைப் பற்றி ஒன்று. புதுப்பிள்ளைகள் அழுத்தம் கூடிய குழாயை நேராக வடிகாலுக்குள் பிடிப்பார்கள், வழும்பு பறக்கும், திருப்தியாக இருக்கும். வடிகால்தான் தொழிற்சாலையில் லிஸ்டீரியாவுக்குப் பிடித்த இடம். அங்கேயிருந்து கிளம்பும் நீர்த்துளி புகையாக எழுந்து, கழுவி வைத்த ஸ்லைசரில் போய் அமரும். வடிகாலுக்கென்று நிறம் பிரித்த தனிப் பிரஷ், குறைந்த அழுத்தத் தண்ணீர். இந்த விஷயத்தில் மட்டும் நான் குரலை உயர்த்திக் கதைப்பேன்.

கழற்ற முடியாத பகுதிகளுக்குச் சூடுதான் துணை. இயந்திரத்தைத் தார்ப்பாயால் மூடி உள்ளே நீராவி விட்டு, உட்பகுதி 70 பாகைக்கு மேல் சூடாகும் வரை பிடித்து வைப்பார்கள். பசை மருந்தைத் தடுக்கும், ஸ்டீல் வழியாக வரும் சூட்டைத் தடுக்காது. அமெரிக்க இறைச்சித் தொழிலில் ஜோன் பட்ஸ் என்பவர் வளர்த்தெடுத்த “தேடி அழி” முறையும் இந்த வழியில் வந்தது. சுவாபில் லிஸ்டீரியா இல்லாமல் இருப்பதைப் பெருமையாக எடுக்காமல், அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப்போவது அந்த முறை. காலையில் மருந்து காயுமுன் சுவாப் எடுத்தால் எல்லாம் சுத்தம் என்றுதான் வரும். உற்பத்தி தொடங்கி மூன்று மணிநேரம் ஓடிய பிறகு எடுக்க வேண்டும். இயந்திரம் அதிர்ந்து உருள, ஒளிந்திருந்த ஈரம் வெளியே கசியும். அப்போது கிடைப்பதுதான் உண்மையான விடை.

தேடாமல் விட்டால் எவ்வளவு காலம் இருக்கும்? 1988இல் அமெரிக்காவில் வான்கோழிச் சொசேஜ் தின்ற ஒருவருக்கு நோய் தந்த லிஸ்டீரியாவின் அதே வகை, 12 ஆண்டு கழித்து 2000இல் அதே தொழிற்சாலையின் இறைச்சி மூலம் பலரை நோயாக்கியது. தென்னாபிரிக்காவில் 2017, 2018இல் பொலோனி என்ற இறைச்சி உருளையில் தொடங்கிய நோய் 1,060 பேரைப் பிடித்து 216 பேரைக் கொன்றது. உலகில் பதிவான லிஸ்டீரியா பரவல்களில் அதுவே பெரியது.

இறைச்சி தின்னாத நம்மவர்கள் இதைக் கேட்டு ஆறுதல்படக் கூடாது. 2024இல் ஸ்காபரோவுக்குப் பக்கத்தில், தமிழர்கள் நிறைந்த பிக்கரிங்கில் ஒரு தொழிற்சாலையில் நிரப்பிய பாதாம், ஓட்ஸ் பால் வகைகளில் லிஸ்டீரியா வந்தது. 20 பேர் நோயுற்றார்கள், மூவர் இறந்தார்கள்.

வீட்டில் செய்யக்கூடியது குறைவு, ஆனால் உண்டு. கர்ப்பிணிகளும் முதியவர்களும் கடையில் சீவி வாங்கும் இறைச்சியை ஆவி பறக்கும்வரை, 74 பாகைக்கு, சூடாக்கித் தின்ன வேண்டும். குளிர்ப்பெட்டி 4 பாகையிலோ அதற்குக் கீழோ இருக்கட்டும். மிக்சி ஜாரின் அடி றப்பர் வளையம், தண்ணீர்ப் போத்தல் மூடியின் வளையம், குளிர்ப்பெட்டிக் கதவின் மடிப்பு இவற்றைக் கழற்றியோ விரித்தோ சவர்க்காரமும் பிரஷும் கொண்டு தேய்த்துக் காயவிடுங்கள். ஈரம் இல்லாத இடத்தில் படலம் வளராது.

மிச்சம் எல்லாம் தொழிற்சாலையின் கையில், அங்கே முதலில் வெட்டப்படுவது எங்கள் நேரம். ஓடர் கூடி உற்பத்தி இரவு தாமதித்து முடிந்தால், காலை ஆறு மணிக்குத் தொடங்கும் நேரம் மாறாது. நடுவிலுள்ள துப்புரவுதான் சுருங்கும். நான் வேலை செய்த ஓர் இடத்தில் அது வழக்கமாகவே இருந்தது. துப்புரவுக்கு வருபவர்களில் பெரும்பகுதி ஏஜென்சி மூலம் வரும் புதுக் குடியேறிகள், இன்று இருப்பவர் அடுத்த மாதம் இருக்கமாட்டார். ஒரு ஸ்லைசரைச் சரியாகக் கழற்றி மாட்டப் பழக மாதங்கள் வேண்டும். அந்தப் பழக்கம் உள்ள ஆளை மணிக்கூலியில் ஒரு டொலர் கூட்டி வைத்திருக்க மனமில்லாத முதலாளி, மருந்துப் பீப்பாய்க்கு எவ்வளவும் கொடுப்பார்.

கேட்கக் கிடைக்கும் இடத்திலெல்லாம் நான் முதலாளிமாரிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். துப்புரவு நேரம் உற்பத்தி நேரத்துக்கு ஈடாகப் பாதுகாக்கப்பட வேண்டும். சுவாப் முடிவுகள் தர அலுவலகத்தோடு நிற்காமல் இரவுக் குழுவுக்கும் வர வேண்டும். இப்போது நான் இருக்கும் இடத்தில் இரண்டாவது நடந்திருக்கிறது. முடிவுகளை எங்கள் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டுகிறார்கள். எந்த வடிகால், எந்த உருளை, எத்தனையாம் முறை என்று பெடியள் வாசித்துவிட்டுத்தான் வேலைக்கு இறங்குகிறார்கள். போன குளிர்காலத்தில் ஒரே உருளை திரும்பத் திரும்ப வந்ததைக் கண்டுபிடித்தவன், மருந்தைக் கூட விட்டால் காணாதே என்று கேட்ட பெடியளில் ஒருவன்தான். உருளையை அறுத்துப் பார்த்தோம். உள்ளே பொள்ளல், ஒட்டுவேலையில் மயிரிழை வெடிப்பு, அதற்குள் தண்ணீர். பொள்ளல் உருளைகள் எல்லாவற்றையும் மாற்றித் திண்ம உருளைகள் போட்டார்கள்.